அம்மாவுக்குப் போனில் ஒன்றும் தெரியாது

கேள்வி: எனக்கு 29 வயது. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை. மனைவி, மூன்று வயது மகள், அம்மா எல்லாரும் ஜெலுத்தோங்கில் ஒரே வீட்டில் இருக்கிறோம். கூட வேலை செய்பவர்கள் ரெஸ்ட் நேரத்தில் போனில் ஆன்லைன் ஸ்லாட் ஆடுகிறார்கள். நான் குடிப்பதில்லை, சிகரெட்டும் இல்லை. மாதம் நூறு வெள்ளி (ரிங்கிட்) மட்டும் ஒதுக்கி, பாதுகாப்பாக, அளவோடு ஆட ஆசை. சோதனைக்காக ஏஜெண்ட் அனுப்பிய லிங்கில் செயலியை இறக்கி 30 வெள்ளி போட்டேன். 110 கிடைத்தது, உடனே அனுப்பிவிட்டார். என் சம்பளக் கணக்கை மனைவியும் பார்ப்பாள் என்பதால் அம்மாவின் கணக்கைப் பயன்படுத்தினேன். அது என் போனில்தான் இருக்கிறது, அம்மாவுக்குப் போனில் ஒன்றும் தெரியாது. எந்த மாதிரித் தளத்தை நம்பலாம், போனஸ் வாங்கலாமா, எந்த அளவில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லுங்கள்.
பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: தம்பி, தளம், போனஸ், அளவு எல்லாம் அப்புறம். 'அம்மாவுக்குப் போனில் ஒன்றும் தெரியாது' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை எழுதும்போது கை கூசவில்லையா?

போன மாதம் வங்கியில் எனக்கு முன்னால் ஓர் அம்மா நின்றார். அடையாள அட்டையைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த பெண், இனி எல்லாம் போனிலேயே பார்க்கலாம் ஆண்ட்டி என்றாள். அந்த அம்மா பக்கத்தில் நின்ற மகனைத் திரும்பிப் பார்த்தார். "இவன் போனில் போட்டுக் குடும்மா, இவன் பார்த்துக்குவான்" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. உங்கள் அம்மாவும் இப்படித்தான் ஒரு நாள் உங்களிடம் கணக்கை ஒப்படைத்திருப்பார்.

அந்தக் கணக்கில் என்ன பணம் வருகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வயதுத் தாய்மாரின் கணக்கில் வழக்கமாக என்ன வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் போயிருந்தால் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் வாரிசு ஓய்வூதியம் வரும். அரசாங்க உதவித் தொகை வரும். மகள் இருந்தால் தீபாவளிக்குப் போட்டுவிடும் இருநூறு வெள்ளி வரும். அந்தப் பணம் கிடக்கும் இடத்தில்தான் நீங்கள் சூதாட்டக் காசைக் கொண்டுவந்து போட்டிருக்கிறீர்கள்.

இப்போதே அம்மாவின் வங்கிச் செயலியைத் திறந்து, 110 வெள்ளி யார் பெயரிலிருந்து வந்திருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஏஜெண்டின் பெயராக இருக்காது. முன்பின் தெரியாத யாரோ ஒரு ஆளின் பெயராகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஐந்நூறு, ஆயிரத்துக்கு ஏடிஎம் அட்டையை வாடகைக்கு விட்டவர்களின் கணக்குகளை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. போலீஸ் அந்த ஆளைத் தேடும் நாளில், அந்தக் கணக்கிலிருந்து பணம் யார் யாருக்குப் போனது என்று பட்டியல் எடுப்பார்கள். அதில் இருக்கப்போவது உங்கள் அம்மாவின் பெயர். கணக்கை முடக்கினால், மருந்து வாங்க நூறு வெள்ளி எடுக்கப் போய் வெறுங்கையோடு திரும்பி வரப்போவதும் அவர்தான். 2024-இல் குற்றவியல் சட்டத்தைத் திருத்தி, முறையான காரணம் இல்லாமல் அடுத்தவர் வங்கிக் கணக்கைக் கையில் வைத்திருப்பதையும், தன் கணக்கை அடுத்தவர் ஆளக் கொடுப்பதையும் குற்றமாக்கிவிட்டார்கள். விசாரணை என்று வந்தால், போனில் ஒன்றும் தெரியாத அம்மா என்ன பதில் சொல்வார்?

இன்னொன்று. ஏஜெண்ட் லிங்கில் இறக்கிய செயலி, அம்மாவின் வங்கிச் செயலி இருக்கும் அதே போனில்தானே இருக்கிறது? பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து வரும் இந்த மாதிரி ஏபிகே (ஆண்ட்ராய்டு செயலி) கோப்புகளில் சில, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டு வங்கி அதில் அனுப்பும் ரகசிய உறுதி எண்ணை (டிஏசி) திருடும். அந்தச் செயலியை இன்றே அழித்துவிடுங்கள். கணக்கிலிருந்து நீங்கள் அறியாமல் ஒரு காசு போயிருந்தாலும் தாமதிக்காமல் வங்கிக்கோ, இணைய மோசடிக்கான உதவி எண் 997-க்கோ அழையுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்பகமான தளம் எது என்றால், மலேசியாவில் ஆன்லைன் ஸ்லாட்டுக்கு உரிமம் பெற்ற தளம் ஒன்றுகூட இல்லை. உரிமம் பெற்ற காசினோ கெந்திங் மலையில் இருக்கும் ஒன்றே ஒன்றுதான். அங்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். 1953-ஆம் ஆண்டின் பொது சூதாட்ட மையச் சட்டப்படி, சூதாட்ட மையத்தில் ஆடியவருக்கே 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வெளிநாட்டு உரிமம் என்று தளத்தின் அடியில் ஒரு முத்திரை போட்டிருப்பார்கள். ஏஜெண்ட் நாளை உங்களை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்தால் அந்த முத்திரையைக் காட்டி எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பீர்கள்?

போனஸை வாங்காதீர்கள். இலவசம் என்று கொடுக்கும் பத்து வெள்ளியைக் காசாகக் கையில் வாங்குவதற்கு முன், அதைப்போலப் பல மடங்குக்கு ஆடி முடிக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். முடிப்பதற்குள் உங்கள் சொந்தக் காசும் சேர்ந்து கரையும்.

நூறு வெள்ளிக்குள் அளவோடு என்கிறீர்கள். கணக்குப் போடுங்கள். திரையில் ஒரு தட்டுக்கு ஒரு வெள்ளி, ஆறு விநாடிக்கு ஒரு தட்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 600 வெள்ளி பந்தயம் கட்டியிருப்பீர்கள். நூற்றுக்கு 96 திருப்பித் தரும் நேர்மையான இயந்திரம் என்றே வைத்துக்கொண்டாலும் சராசரியாக 24 வெள்ளி போய்விடும். மாதத்துக்கென்று ஒதுக்கிய நூறு வெள்ளிக்கு நாலு மணி நேரம்தான் ஆயுள். ஏஜெண்ட் கொடுக்கும் செயலி 96 தருகிறதா 60 தருகிறதா என்று சோதிக்க இங்கே எந்த அதிகாரியும் கிடையாது. ஒரு வெள்ளி கட்டி நாற்பது காசு திரும்பி வந்தாலும் அது காசு கொட்டும் சத்தம் போடும். அறுபது காசு போனது காதில் விழாது. அந்தச் சத்தத்தில் மயங்கியவர்கள் எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. எல்லாரும் முதல் வாரத்தில் ஜெயித்தவர்கள்தான். எல்லாரும் அளவோடு என்றுதான் ஆரம்பித்தார்கள். நகை அடகுக்கடைக்குப் போய், அப்புறம் ஆலோங் (சட்டவிரோதமாக வட்டிக்குக் கடன் கொடுப்பவன்) வாசலில் வந்து நின்ற பிறகுதான் எழுதினார்கள். நீங்கள் முன்கூட்டியே எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

பிரிட்டனில் இது சட்டப்படி நடக்கும் தொழில். அங்கேயே 2021-இல், தானாகச் சுழலும் வசதியையும், தோற்ற காசைக் கொண்டாடும் சத்தத்தையும் நிறுத்தினார்கள். 2025-இல் ஒரு தட்டுக்கு ஐந்து பவுண்டு, 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இரண்டு பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். சிங்கப்பூரில், சூதாடும் ஒருவரைக் காசினோவுக்குள் விடாதீர்கள் என்று அவர் குடும்பத்தாரே விண்ணப்பிக்கலாம். அந்த ஊரில் மனைவிக்கும் அம்மாவுக்கும் அந்த உரிமையைச் சட்டமே கொடுத்திருக்கிறது. நீங்களோ முதல் வேலையாக மனைவியின் கண்ணை மறைத்துவிட்டீர்கள், அதற்கு அம்மாவின் கணக்கைத் திரையாக்கிவிட்டீர்கள். பாதுகாப்பாக ஆடுவது எப்படி என்று அதற்குப் பிறகு என்னிடம் கேட்கிறீர்கள்.

குடிப்பதில்லை, சிகரெட் இல்லை என்றீர்கள். நல்லது, உங்கள் மகளுக்காக அப்படியே இருங்கள். ஆனால் அதைச் சொல்லி இதற்கு அனுமதி வாங்க முடியாது. சம்பளக் கணக்கை இருவரும் சேர்ந்து பார்ப்பது என்று முடிவு செய்த குடும்பம் உங்களுடையது. எத்தனை பெண்கள் அதற்காக ஏங்கி எனக்கு எழுதுகிறார்கள் தெரியுமா? முப்பது வெள்ளிக்காக அதை உடைத்திருக்கிறீர்கள்.

இன்று இரவே அம்மாவையும் மனைவியையும் உட்கார வைத்து 30 போட்டதையும் 110 வந்ததையும் சொல்லுங்கள். அம்மா "பரவாயில்லப்பா, விடு" என்பார். அதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். மனைவி அப்படிச் சொல்ல மாட்டார். அந்தக் கோபத்தை எதிர்த்துப் பேசாமல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஓய்வு நாளில் அம்மாவை வங்கிக்கு அழைத்துப் போங்கள். கணக்கை உங்கள் போனிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். இதுவரை நடந்த வரவு செலவை அச்சடித்து வாங்கி, மனைவியை விட்டு அம்மாவுக்கு வரி வரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பெரிய எழுத்துப் போன் வாங்கிக் கொடுத்து, மீதி எவ்வளவு என்று பார்க்க அவருக்கே கற்றுக் கொடுங்கள். பேத்தியோடு வீடியோவில் பேசத் தெரிந்துகொள்ளும் பாட்டிகள் இதையும் தெரிந்துகொள்வார்கள்.

மாதம் நூறு வெள்ளி ஒதுக்க முடியும் என்று எழுதியிருந்தீர்கள். அதை இந்த மாதச் சம்பளத்திலிருந்தே, மனைவிக்குத் தெரிந்து, அம்மாவின் கணக்கில் போடுங்கள்.