கீமோ நேரத்தில் ‘டி.என்.ஏ நொதியம்’ கொடுக்கலாமா?

சுன்னாகத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், தெல்லிப்பழையில் எட்டோபோசைட் என்ற கீமோ மருந்து ஏற்றுகிறார்கள். தெரிந்தவர் ஒருவர் ‘டி.என்.ஏயைப் புதுப்பிக்கும் நொதியக் குளிசை’ கொண்டுவந்திருக்கிறார், கனடாவில் இருக்கும் தம்பி காசு அனுப்பத் தயார். கொடுக்கலாமா என்று கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். காரணத்தைத் தம்பிக்கும் சொல்லுங்கள்.

கலம் பிரியுமுன் தன் டி.என்.ஏ முழுவதையும் படியெடுக்கும். ஹெலிக்கேஸ் என்ற நொதியம் இரண்டு இழைகளையும் பிரிக்கும், பொலிமரேஸ் புது இழையைக் கட்டும், லிகேஸ் துண்டுகளை ஒட்டும். பிரியப் பிரிய முன்பக்கம் முறுக்கு ஏறும். இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, திரும்ப ஒட்டுவது டோப்போஐசோமரேஸ். அப்பாவின் மருந்து பிடிப்பது இதைத்தான். வெட்டிய இடத்தை ஒட்டவிடாது. வேகமாகப் பிரியும் புற்றுநோய்க் கலம் அதில் சாகும். தலைமயிர் கொட்டுவதும் இதனால்தான், மயிர்வேர்க் கலங்களும் வேகமாகப் பிரிபவை. அப்படியிருக்க, டி.என்.ஏயைப் புதுப்பிக்கும் என்ற குளிசை உண்மையிலேயே வேலை செய்தால், மருந்து ஒட்டவிடாமல் வைத்த வெட்டை ஒட்டி, சிகிச்சைக்கு எதிராகத்தான் செய்யும்.

ஆனால் அது வேலை செய்யாது. இந்த நொதியங்கள் எல்லாம் புரதங்கள். விழுங்கினால் இரைப்பையும் குடலும் அமினோ அமிலமாக உடைத்துவிடும். கலத்தின் கருவரைக்கும் முழுதாகப் போய்ச் சேர வழியில்லை. மீனிலும் கீரையிலும் இதே வகை நொதியங்கள் உண்டு, தினமும் சாப்பிடுகிறோம், எவருடைய டி.என்.ஏயும் புதுப்பிக்கப்படவில்லை.

“வைத்தியர்களே நொதியக் குளிசை எழுதுகிறார்களே” என்று குளிசை கொண்டுவந்தவர் கேட்பார். எழுதுகிறார்கள்தான். சதையி பழுதானவர்களுக்கு, அல்லது அதை வெட்டி எடுத்தவர்களுக்கு, பான்கிரியாட்டின் கொடுப்பதுண்டு. அது கொழுப்பையும் மாப்பொருளையும் புரதத்தையும் செரிக்க வைப்பது. இரைப்பை அமிலம் கெடுக்காதபடி பூச்சுப் போட்டிருக்கும், ஆகவே நொறுக்கக் கூடாது, சாப்பாட்டோடு விழுங்க வேண்டும். அதன் வேலை குடலுக்குள் முடிகிறது, டி.என்.ஏயோடு அதற்குத் தொடர்பே இல்லை. யாருக்காவது அதை வைத்தியர் எழுதியிருந்தால், இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

இந்த விற்பனையாட்கள் வெளிநாட்டுக் காசு வரும் வீடு பார்த்துத்தான் வருகிறார்கள். போத்தலில் ‘உணவுக் குறைநிரப்பி’ என்று இருக்கும், வாயால் புற்றுநோய் மருந்து என்பார்கள். முறைப்பாடு கொண்டுபோனால் இது மருந்தா உணவா என்று ஒரு கந்தோர் இன்னொரு கந்தோருக்கு அனுப்பும். அதற்குள் இன்னும் பத்து வீட்டில் விற்றுவிடுவார்கள். எத்தனை காலம்தான் இதைப் பார்த்துக்கொண்டிருப்பது?

ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, போத்தலை அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். ஏசுவார்கள் என்று மறைக்க வேண்டாம். உள்ளே என்ன தூள் என்று தெரியாது, அது ஈரலையும் கீமோ மருந்தின் அளவையும் பாதிக்கலாம். இன்னொன்று: காய்ச்சல் வந்தால் “கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்” என்பார்கள். நம்பாதீர்கள். கீமோவில் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும்போது வரும் காய்ச்சல் உயிரை எடுக்கக்கூடியது. 38 பாகை செல்சியஸ் காட்டினால், நடுச்சாமமானாலும் விடியும்வரை பார்க்காமல் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றுங்கள்.