மைனஸ் சார்ஜ்னா சார்ஜ் கம்மியா இருக்குன்னு அர்த்தமா?

நீங்க கேட்டது ரெண்டு. மைனஸ் சார்ஜ்னா சார்ஜ் கம்மின்னு அர்த்தமா, சீப்பை தலைல தேய்க்கிறப்ப சார்ஜ் புதுசா உருவாகுதா. ரெண்டுக்குமே இல்லைங்கதான் பதில். நான் சத்துவாச்சாரில டியூஷன் எடுக்கிறேன், பசங்க இதை கேக்காத வருஷமே கிடையாது.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1747 வாக்குல, மின்சாரம்ங்கிறது ஒரே ஒரு திரவம், அது கூட இருந்தா பிளஸ் கொறைஞ்சா மைனஸ்னு நெனச்சாரு, தேய்ச்ச கண்ணாடில அது கூடுதுன்னு அதுக்கு பிளஸ் குடுத்துட்டாரு. அணுவுக்குள்ள இருக்கிற குட்டித் துகளான எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் கண்டுபிடிச்சது 1897ல, அதுக்குள்ள இந்த கணக்கு எல்லா இடத்துலயும் ஊறிப்போச்சு, கடைசில பாத்தா நெஜமா எடம் மாறுற எலக்ட்ரானுக்கு மைனஸ் விழுந்திருக்கு. அதாவது மைனஸா இருக்கிற சீப்புலதான் எலக்ட்ரான் கூடுதலா இருக்கு, பிளஸா இருக்கிற முடிலதான் கொறைச்சல். கரண்டுக்கு நாம போடற அம்புக்குறி ஒரு பக்கமும் ஒயர்ல எலக்ட்ரான் எதிர்ப்பக்கமும் போறதுக்கு காரணமும் இதான்.

தேய்ச்சா எதுவும் புதுசா பொறக்கறதில்ல. அண்ணன் கைல இருந்த காசு தம்பி கைக்கு போன மாதிரி, வீட்டு மொத்தம் அப்படியேதான். முடில இருந்து எலக்ட்ரான் சீப்புக்கு தாவுது, அவ்ளோதான். பிளஸ் சார்ஜ் இருக்கிற புரோட்டான் தாவாது, அது அணுவோட கருவுக்குள்ள கெட்டியா மாட்டிக்கினு இருக்கு. (இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட் வேற கதை, அங்க சார்ஜ் ஏறுன அணுக்கள், அதாவது பிளஸ் அயனி மைனஸ் அயனி ரெண்டுமே நகரும்.) தாவற எண்ணிக்கை எவ்ளோன்னா, ஒரு நானோ கூலும்ங்கிற ரொம்ப சின்ன அளவு சார்ஜுன்னாலே 624 கோடி எலக்ட்ரான், ஆனா சீப்புல மொத்தம் இருக்கிறதுக்கு முன்னாடி அது தூசு.

ஒரே வகை சார்ஜ்னா தள்ளும், வேற வேற வகைனா இழுக்கும், இது புக்லயே இருக்கு. ஆனா சீப்பு காயிதத் துண்டை இழுக்குதே, காயிதத்துல ஏது சார்ஜ்? எதுவும் இல்ல, சீப்பு கிட்ட வந்ததும் காயிதத்துக்குள்ள இருக்கிற எலக்ட்ரான் லேசா அந்தாண்ட ஒதுங்குது, இந்தாண்ட பிளஸ் பக்கம் கிட்டத்துல நிக்குது, அதனால இழுவை ஜெயிக்குது. அதனால இழுத்தா ரெண்டுலயும் சார்ஜ் இருக்குன்னு நம்பிடாதீங்க, தள்ளுனாதான் ரெண்டுலயும் இருக்குன்னு உறுதி.

ரெண்டு வகையையும் கண்ணால பாக்க செல்லோ டேப் போதும். ரெண்டு துண்டு வெட்டி டேபிள் மேல தனித்தனியா ஒட்டி சடக்குனு பிச்சி எடுத்து கிட்ட கொண்டாங்க, ஒண்ண ஒண்ணு தள்ளும். இப்ப வேற ரெண்டு துண்டை டேபிள்ல ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி, சேத்தே மெதுவா உரிச்சி, ரெண்டு பக்கமும் விரலால தடவி விட்டுட்டு அப்புறம் டக்குனு பிரிங்க, இந்த தடவை இழுத்துக்கினு ஒட்டும், ஏன்னா ஒண்ணு விட்ட எலக்ட்ரானைத்தான் இன்னொண்ணு வாங்கியிருக்கு.

நம்ம வேலூர்ல ஏப்ரல் மே மத்தியானம் இதுக்குன்னே செஞ்ச மாதிரி வறண்டு கெடக்கும், சூப்பரா வரும். மெட்ராஸ்ல இருக்கிற சொந்தக்காரங்க வரலைன்னு சொன்னா கடல் காத்து ஈரம்தான் காரணம், ஏசி ரூம்ல பண்ண சொல்லுங்க. செய்யறப்ப ஃபேனை மட்டும் நிறுத்திடுங்க, இல்லன்னா தள்ளுனது சார்ஜா காத்தான்னே தெரியாது.