கணவாய் காத்திருக்கும்

"கணவாய்க்கு அறிவு உண்டு என்கிறார்களே, பேசாத ஓர் உயிரிடம் அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தெரிந்துகொண்ட பிறகும் சாப்பிட மனம் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். ஆனால் கணவாயை நான் முதலில் பார்த்தது எங்கள் வீட்டுச் சமையலறையில். தேக்கா சந்தையிலிருந்து அம்மா ஓட்டுக்கணவாய் (cuttlefish) வாங்கி வருவார். நான் இங்கே கணவாய் என்று சொல்வதெல்லாம் இதைத்தான். மைப்பையைக் கிழிக்காமல் எடுப்பதில் அவருக்குத் தனித் திறமை. அதன் உடலுக்குள் இருக்கும் வெள்ளை ஓட்டைப் பாட்டி கடல்நுரை என்பார், மருந்துக்கு ஆகும் என்று எடுத்து வைப்பார்.

முதல் கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடலுயிர் ஆய்வுக்கூடத்தில் அலெக்ஸாண்ட்ரா ஷ்னெல் குழுவினர் செய்த சோதனையின் முடிவுகள் 2021இல் வெளிவந்தன. தொட்டிக்குள், உள்ளிருப்பது வெளியே தெரியும் இரண்டு அறைகள். ஒன்றில் இறால் துண்டு. கணவாய் அதை உண்ணும், ஆனால் பெரிய ஆசை இல்லை. மற்றொன்றில் அதற்கு மிகவும் பிடித்த உயிருள்ள சிறு இறால். கதவுகளில் அடையாளங்கள் இருந்தன. வட்டம் என்றால் உடனே திறக்கும், முக்கோணம் என்றால் தாமதமாகத் திறக்கும், சதுரம் என்றால் திறக்கவே திறக்காது. இவற்றின் பொருளைக் கணவாய்கள் முன்பே பழகியிருந்தன. துண்டைத் தின்றுவிட்டால் சிறு இறால் கைவிட்டுப் போய்விடும்.

முக்கோணம் இருந்தபோது அவை காத்திருந்தன. 50 முதல் 130 விநாடிகள் வரை, கண்முன்னே இருக்கும் உணவைத் தொடாமல். சில கணவாய்கள் ஆசையை அடக்குவதுபோல் அந்தத் துண்டைப் பார்க்காமல் உடலைத் திருப்பிக்கொண்டன. என் கருத்தில் இந்தச் சோதனையின் உயிர் அந்தச் சதுரத்தில்தான் இருக்கிறது. பிடித்த உணவு கண்ணுக்குத் தெரிந்தும் கிடைக்காது என்ற நிலையில் அவை காத்திருக்கவில்லை. துண்டை உடனே தின்றுவிட்டன. அப்படியானால் முன்பு காத்திருந்தது பசியில்லாததாலோ தயக்கத்தாலோ அல்ல, பயன் உண்டு என்று தெரிந்ததால். "வேறு காரணம் இருக்கக்கூடாதா?" என்று மாணவர் எழுப்பும் கேள்வியை ஆய்வாளர்கள் தாங்களே முன்கூட்டி எழுப்பிக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சோதிக்கப்பட்டவை ஆறே ஆறு கணவாய்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஏன் இந்தப் பொறுமை? கணவாய் நாளின் பெரும்பகுதியை உருமறைந்து அசையாமல் கழிக்கிறது. இரை தேடக் கிளம்பும் நேரத்தில்தான் எதிரியின் கண்ணில் படுகிறது. ஆகவே நல்ல உணவுக்குக் காத்திருப்பது லாபம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். அது ஊகமே, ஆனால் பொருத்தமானது.

அதே ஆண்டு ஷ்னெல் இன்னொரு முடிவையும் வெளியிட்டார். எந்த உணவு, எந்த இடத்தில், எத்தனை மணி நேரம் கழித்துக் கிடைக்கும் என்பதை 10 முதல் 12 மாத வயதுள்ள கணவாய்கள் நினைவில் வைத்திருந்தன. 22 முதல் 24 மாத வயதுள்ளவையும் அவற்றுக்குச் சற்றும் குறையவில்லை. கணவாயின் ஆயுளே ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள்தான். மனிதக் கணக்கில் அவை தொண்ணூறு வயது முதியவர்கள்! என் பாட்டி கடைசிக் காலத்தில் எங்கள் பெயர்களையே மறந்திருந்தார். அதனால் அந்தக் கட்டுரையை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

கணவாய்க்குச் சிவப்பு, நீலக் கண்ணாடி அணிவித்து, இறால் ஓடும் படத்தைக் காட்டி, இரு கண்களையும் சேர்த்தே அது தூரத்தை அளக்கிறது என்று மினசோட்டா பல்கலைக்கழகத்தினர் 2020இல் காட்டியதும் உண்டு.

எல்லாவற்றையும்விட நான் நேரில் கண்டதைச் சொல்ல வேண்டும். சாங்கி முனையிலிருந்து படகேறி, புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கரைக்கு நீர் வற்றும் வேளையில் போயிருந்தோம். 2001 இறுதியில் அங்கே கடலைத் தூர்க்கும் திட்டம் ஒத்திவைக்கப்படாவிட்டால் அந்தக் கரை இன்று மண்ணுக்கடியில் இருந்திருக்கும். கடற்புல்லுக்கு நடுவே ஒரு குட்டை. அதில் விரல் நீளக் குட்டிக் கணவாய் ஒன்று. என் நிழல் விழுந்ததும் பழுப்பு வரிகள் பளிச்சென்று தோன்றின; நான் விலகியதும் மணல் நிறமாகிக் கரைந்துபோயிற்று. நிறப்பைகளைச் சுற்றியுள்ள நுண்தசைகளை நரம்புகளே நேரடியாக இயக்குவதால்தான் இவ்வளவு வேகம். கண்ணில் ஒரே ஒரு பார்வை நிறமி கொண்ட இந்த உயிருக்கு நிறங்களைப் பிரித்தறியவே முடியாது என்று கருதப்படுகிறது. அப்படியும் சுற்றியிருக்கும் தரைக்கு இவ்வளவு துல்லியமாக ஒத்துப்போகிறது. அரைமணி நேரம் குனிந்தே இருந்தேன்.

இரண்டாவது கேள்வி. நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். யாரும் சொல்லி அல்ல, அந்தக் குட்டையருகே நின்ற பிறகு முடியவில்லை. பிரிட்டன் 2022இல் விலங்கு நலச் சட்டத்தில் கணவாய் இனங்களையும் உணர்வுள்ளவையாகச் சேர்த்தது சரியான முடிவு என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் வீட்டில் மற்றவர்களை நான் தடுப்பதில்லை. அம்மா இன்றும் சமைக்கிறார். ஓட்டை மட்டும் கழுவி, ஜன்னலோரம் காயவைத்து, "உன் பிள்ளைகளுக்குக் காட்டு" என்று தருகிறார். அதைக் குறுக்காக வெட்டினால் அடுக்கடுக்காய் நுண்ணறைகள் தெரியும். அவற்றில் காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்துத்தான் கணவாய் மிதக்கிறது. அடுத்த வாரம் வகுப்பில் அதைத்தான் வெட்டிக் காட்டப்போகிறேன்.