அமியோடரோன் மாத்திரையும் தைராய்டும்: கேள்வி பதில்

கேள்வி: இதயத் துடிப்பு சீராக இல்லை என்று அப்பாவுக்கு அமியோடரோன் 200 மி.கி. எழுதியிருக்கிறார்கள். தைராய்டு டெஸ்ட் எதற்கு?

பதில்: அந்த மருந்தின் எடையில் 37 சதவீதம் அயோடின். ஒரு மாத்திரையில் சுமார் 75 மி.கி.; அதிலிருந்து தினமும் 6, 7 மி.கி. உடலில் கலக்கிறது. நமக்குத் தேவையோ நாளைக்கு 0.15 மி.கி.தான். இந்த வெள்ளத்தில் சிலருக்குத் தைராய்டு சுணங்கிவிடும், சிலருக்குத் தாறுமாறாகச் சுரக்கும். மருந்து தொடங்கும் முன்பே டிஎஸ்ஹெச் (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்), ஃப்ரீ டி4, டி3 (இரண்டும் தைராய்டு ஹார்மோன்கள்), டிபிஓ ஆன்டிபாடி (தைராய்டுக்கு எதிராக உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள்) பார்த்துவிடுங்கள். 3 மாதம் கழித்து மறுபடியும், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை. அந்த முதல் ரிப்போர்ட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆறு வாரத்தில் டிஎஸ்ஹெச் 9, ஃப்ரீ டி4-ம் கூடுதல். இரண்டும் சேர்ந்து ஏறுமா?

பதில்: இந்த மருந்தில் ஏறும். டி4, டி3-ஆக மாறுவதை அது தடுக்கிறது. டி4 தேங்குகிறது, டி3 போதாததால் பிட்யூட்டரி (மூளையின் அடியில் உள்ள சுரப்பி) டிஎஸ்ஹெச்சைக் கூட்டுகிறது. முதல் 3 மாதத்தில் டிஎஸ்ஹெச் 20 வரை போய்த் தானாக இறங்குவதுண்டு. இந்த நேரத்தில் அவசரப்பட்டுத் தைராக்ஸின் (டி4 மாத்திரை) கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. 3 மாதம் தாண்டியும் டிஎஸ்ஹெச் உயர்ந்து, ஃப்ரீ டி4 குறைந்திருந்தால் தைராக்ஸின் தேவை. இதய நோயாளிக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். அமியோடரோனை நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: போன மாதம் ரிப்போர்ட் நார்மல். இப்போது எடை குறைகிறது. ஆனால் படபடப்பு, கை நடுக்கம் இல்லையே?

பதில்: கூடவே பீட்டா பிளாக்கர் (இதயத் துடிப்பைத் தணிக்கும் மருந்து) போட்டால் அவை வெளியே தெரியாது. மிகைச் சுரப்பு திடீரென வரும், அடுத்த 6 மாதக் கெடுவுக்குக் காத்திருக்காது. எடை இறங்குவது, அடங்கியிருந்த துடிப்பு மறுபடி தடுமாறுவது, வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவருக்குக் காரணமின்றி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தின் அளவு) எகிறுவது: எது வந்தாலும் உடனே டெஸ்ட். இதில் இரண்டு வகை. அயோடினால் சுரப்பி அதிகம் சுரப்பது முதல் வகை, அதற்குக் கார்பிமசோல் (தைராய்டு சுரப்பைக் குறைக்கும் மருந்து). சுரப்பித் திசு சிதைந்து ஹார்மோன் கசிவது இரண்டாவது, அதற்கு ஸ்டீராய்டு. பிரித்தறிய டாப்ளர் ஸ்கேன் உதவும்: முதல் வகையில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும், மற்றதில் இருக்காது. கலந்தும் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம், அதை இதய மருத்துவரும் தைராய்டு மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும்.

கேள்வி: மருந்தை நிறுத்தி 2 மாதம் ஆச்சு. இனி டெஸ்ட் வேண்டாம்தானே?

பதில்: வேண்டும், ஒரு வருடம் வரை. கொழுப்பில் தங்கும் மருந்து. பாதி வெளியேறவே ஏறத்தாழ 2 மாதம் பிடிக்கும்.

கேள்வி: முடி வளர பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறேன். பரவாயில்லையா?

பதில்: டெஸ்டுக்கு 2 நாள் முன்பே நிறுத்துங்கள். சில லேப் முறைகளில் அது டிஎஸ்ஹெச்சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டும். பார்த்தால் மிகைச் சுரப்பு மாதிரியே இருக்கும்.