உபின் தீவுக்கு நாள் பார்ப்பது எப்படி?

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஊரிலிருந்து என் அப்பா அம்மா வருகிறார்கள். இருவருக்கும் 70 தாண்டிவிட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் 8 வயது மகனையும் சேர்த்து மொத்தம் 5 பேர். சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் பழைய கம்பத்தையும் (கிராமம்) செக் ஜாவா ஈரநிலத்தையும் ஒரே நாளில் காட்ட முடியுமா? அம்மா சுத்த சைவம்.

பதில்: முடியும். ஆனால் எந்த நாளில் விடுப்பு கிடைக்கும் என்று பார்ப்பதற்கு முன், கடல் எப்போது வற்றுகிறது என்று பாருங்கள். செக் ஜாவாவைப் பார்த்துவிட்டு "இதில் என்ன இருக்கிறது, வெறும் தண்ணீர்" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களில் பெரும்பாலோர் நீர் ஏறியிருந்த வேளையில் போனவர்கள்.

அந்த இடத்தின் சிறப்பே, நீர் இறங்கினால்தான் கண்ணில் படும். மணல் கரை, பாறைக் கரை, கடற்புல் வெளி, பவளச் சிதைவுத் திட்டு, சதுப்புநிலக் காடு, கரையோரக் காடு என ஆறு வகை வாழிடங்கள் சுமார் 100 ஹெக்டருக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. 2001ல் இது மண்ணிட்டு நிரப்பப்பட இருந்தது. பலரும் குரல் கொடுத்ததால் அந்த ஆண்டின் இறுதியில் திட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நீர்மட்டம் 0.5 மீட்டரோ அதற்குக் குறைவாகவோ இருக்கும் நேரத்தில் போவது நல்லது. கடல்துறை, துறைமுக ஆணையம் வெளியிடும் அட்டவணையில் நேரமும் உயரமும் இருக்கும்.

வீட்டில் தொங்கும் நாட்காட்டியே முதல் சல்லடைக்குப் போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் மிக அதிகமாக வற்றும். இதில் ஒரு பொறி உண்டு. அதே நாள்களில் நண்பகல் வாக்கில் நீர் உச்சத்துக்கு ஏறியிருக்கும். அதனால் "பௌர்ணமிதானே" என்று காலை 11 மணிக்குப் போனால் ஏமாற்றம்தான். ஆண்டின் நடுப்பகுதியில் இந்தப் பெரிய வற்று விடியற்காலையில் வந்துவிடும், அப்போது செக் ஜாவா திறந்தே இருக்காது. நீங்கள் வரும் டிசம்பரில் மாலையில் வரும், அது உங்களுக்குச் சாதகம். ஆனாலும் வற்று நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். செக் ஜாவா காலை 8.30 முதல் மாலை 6 வரைதான். ஆகவே அமாவாசை, பௌர்ணமிக்கு ஓரிரு நாள் முன்னதாக, வற்று 4 மணியை ஒட்டி வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அது வார நாளாக அமைந்தால் இன்னும் நல்லது. விடுமுறைச் சனி, ஞாயிறுகளில் படகுக்குப் போகவும் வரவும் வரிசை நீளும்.

பயணம் சுலபம். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து, தெம்பனீசிலிருந்து 29ஆம் எண். இரண்டும் சாங்கி வில்லேஜ் வரை போகும். படகுத்துறை அங்கிருந்து சில நிமிட நடை. படகேறுவதற்கு முன் பக்கத்திலுள்ள உணவங்காடி நிலையத்திலேயே மதியச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். உபின் கடைகளில் மீனும் நண்டும்தான் பேர்போனவை, சைவத்துக்கு நம்பிப் போக முடியாது. ரொக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள், தீவில் ஏடிஎம் கிடையாது.

படகுக்கு முன்பதிவு இல்லை. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும், ஆளுக்கு ஒருவழிக் கட்டணம் 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). வார நாளில் ஆள் சேராவிட்டால் 48 வெள்ளி கொடுத்து முழுப் படகையும் எடுக்கலாம். உங்கள் ஐவருக்கு 28 வெள்ளிதான் கூடுதல். பெரியவர்களை வெயிலில் காக்கவைப்பதைவிட அதுவே மேல். கடலில் 10, 15 நிமிடம் ஒன்றுமே இல்லை. அசையும் படகில் படியிலிருந்து கால் எடுத்து வைக்கும் அந்த ஒரு நொடிதான் முழங்கால் வலிக்காரர்களுக்குச் சோதனை. நீங்கள் முதலில் இறங்கி நின்று அம்மாவுக்குக் கை கொடுங்கள், பின்னாலிருந்து இன்னொருவர் தாங்கட்டும். புடவையை இழுத்துச் செருகிக்கொள்வது அவசியம், செருப்பு வாருள்ளதாக இருக்கட்டும்.

12.30 வாக்கில் தீவில் இறங்கினால் இரண்டரை வரை கம்பத்துக்கு வைத்துக்கொள்ளலாம். கூத்து மேடை, சீனக் கோயில், சைக்கிள் கடைகள் எல்லாம் துறைக்கு அருகிலேயே இருக்கின்றன. கிணற்று நீரையும் மின்னாக்கியையும் நம்பி வாழும் வீடுகளைப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்குப் பேச நிறைய இருக்கும். இன்னும் ஆள் குடியிருக்கும் வீடுகள் என்பதால் வேலிக்குள் நுழையக் கூடாது. ஊரை ஒட்டியுள்ள பெக்கான் கல்குவாரியில் இன்று நீர் நிறைந்திருக்கிறது, நாரைகளும் கொக்குகளும் அடையும். மெதுவாக நடந்தே போகலாம். அம்மாவுக்கு அதுவும் கடினமென்றால் கடையில் இளநீர் குடித்தபடி உட்காரட்டும்.

செக் ஜாவா இங்கிருந்து 3 கிலோமீட்டருக்கு மேல். இருவரையும் நடக்கவிட வேண்டாம். துறைக்கருகே வாடகை வேன்கள் நிற்கும். ஏறுவதற்கு முன்பே தொகையைப் பேசி முடியுங்கள், திரும்ப எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று சொல்லி ஓட்டுநரின் கைத்தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதை மறந்தவர்கள்தான் மாலையில் சரளைப் பாதையில் நடப்பார்கள். மகன் சைக்கிள் கேட்டால் ஊரைச் சுற்றி ஓட்டட்டும். செக் ஜாவா வழியில் செங்குத்தான இறக்கங்கள் உண்டு. முன் பிரேக்கை மட்டும் அழுத்திக் குப்புற விழுவது அங்கேதான். எடுக்கும் முன் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள்.

செக் ஜாவாவின் பலகைப் பாதை மொத்தம் 1.1 கிலோமீட்டர், இரண்டு சுற்று. நேரம் குறைவென்றால் சதுப்புநிலச் சுற்றைப் பாருங்கள். அது 500 மீட்டர்தான், ஓரளவு நிழலும் உண்டு. ஒற்றைக் கொடுக்கு பெருத்த நண்டுகள், சேற்றில் தாவும் மீன்கள், ஐஸ் கச்சாங் என்ற பனித்துருவல் இனிப்பில் போடும் அத்தாப்பு விதை தரும் நிப்பாப் பனை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. 600 மீட்டர் கடலோரச் சுற்றில் நிழலே கிடையாது. மணலில் இறங்க அனுமதியில்லை. 20 மீட்டர் உயர ஜெஜாவி பார்வைக் கோபுரத்துக்கு அப்பாவும் பையனும் ஏறட்டும், அம்மா வேண்டாம். பராமரிப்புக்காகப் பாதையின் ஒரு பகுதி மூடப்படுவதுண்டு, முதல் நாளே தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் பிளாஸ்டிக் பை சலசலத்தாலே சோறு என்று அர்த்தம். நொறுக்குத் தீனியை மூடிய முதுகுப்பைக்குள் வையுங்கள். வனவிலங்குக்கு உணவு கொடுத்தால் முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். பாட்டி பாசத்தில் ஒரு வாழைப்பழத்தை நீட்டிவிடக்கூடும், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

டிசம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம், பிற்பகலில்தான் பெரும்பாலும் கொட்டும். குடை போதாது, மழைச்சட்டை வேண்டும். இடி கேட்டால் உடனே பலகைப் பாதையையும் கோபுரத்தையும் விட்டு, வருகையாளர் நிலையமாக இருக்கும் பழைய பங்களாவுக்குள் போய்விடுங்கள். இரண்டரை மணிக்கே வானம் கறுத்தால் செக் ஜாவாவைக் கைவிட்டு ஊரிலேயே இருங்கள். கொசுத் தைலம் கட்டாயம். கைத்தொலைபேசி மலேசிய அலைவரிசைக்குத் தாவி கட்டணம் ஏறும் என்பதால் வெளிநாட்டு இணைப்பை அணைத்துவிடுங்கள்.

வேனை 5 மணிக்கு வரச் சொல்லுங்கள், ஐந்தரைக்குத் துறையில் இருக்கலாம். இருட்டத் தொடங்கினால் படகுகள் குறைந்துவிடும். 12 பேர் சேராதபோது முழுப் படகுக்கான 48 வெள்ளியைக் கையில் தனியாக வைத்திருங்கள்.