அரிசி விலையும் இருப்புக் கணக்கும்: கேள்வி பதில்

(ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.)

பெருந்துறை வாசகி: பொன்னி அரிசி கடைக்குக் கடை ஒரு விலை. எதை நம்புவது?

பதில்: ரகம், பழையதா புதியதா, சிப்பத்தின் எடை, எந்த நாள் விலை ஆகிய நான்கும் தெரியாமல் எந்த விலையையும் நம்பாதீர்கள். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான சிப்பங்களுக்கு 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. வந்ததும் பல ஆலைகள் 26 கிலோவுக்கு மாறின. எடை பார்க்காமல் ஒப்பிட்டவர்கள் விலை ஏறிவிட்டதாகவே எண்ணினார்கள்.

காங்கயம் ஆலை உரிமையாளர்: வெள்ளிக்கிழமைதோறும் அரிசி, நெல் இருப்பை அரசின் இணையதளத்தில் பதியச் சொன்னது எங்களைப் பதுக்கல்காரர்களாக நினைத்துத்தானே?

பதில்: 2023 ஜூலையில் பாஸ்மதி அல்லாத பச்சரிசி ஏற்றுமதிக்குத் தடையும், ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு வரியும் விதித்த பிறகும் உள்நாட்டு விலை இறங்காததால்தான், 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அந்த உத்தரவைப் போட்டது. அரசுக் கிடங்கின் கணக்கு அரசுக்குத் தெரியும். ஆலையிலும் மண்டியிலும் எவ்வளவு கிடக்கிறது என்று தெரியாதபோது, தட்டுப்பாடு என்ற வதந்தி ஒன்றே எல்லோரையும் சரக்கைப் பிடித்து வைக்கச் செய்துவிடும். ஆனால் உங்கள் மனக்குறையில் பாதி நியாயம். கணக்குக் கொடுத்த ஆலைகளுக்கு, எல்லோருடையதையும் கூட்டிய மொத்தக் கணக்கு திரும்பி வர வேண்டும். ஆலைகளோடு அரசின் பேச்சுவார்த்தையும் தடை விதித்த பிறகு அல்ல, அறுவடைக்கு முன்பே நடக்க வேண்டும்.

கோபி, தடப்பள்ளி வாய்க்கால் விவசாயி: இப்போது நெல்லை விற்கலாமா?

பதில்: ஜோசியம் சொல்வதில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் விலை முன்கணிப்பைப் பாருங்கள். அதிலும் ரகத்தையும் தேதியையும் முதலில் பாருங்கள்.

நாமக்கல் பண்ணையாளர்: முட்டையைப் போல அரிசிக்கும் தினசரி விலை அறிவித்தால் என்ன?

பதில்: அறிவித்த முட்டை விலைக்குக் கீழே ‘மைனஸ்’ என்று ஒரு தொகையைக் குறைத்து வியாபாரிகள் வாங்கிய கதை உங்களுக்குத் தெரியாததா? முட்டையை நெடுநாள் வைத்திருக்க முடியாது, நெல்லை வைத்திருக்கலாம். ஆகவே அரிசிக்கு விலையைவிட இருப்பே முக்கியமான செய்தி.

காங்கயம் ஆலை உரிமையாளர் (மீண்டும்): இருப்புக் குறைவு என்று தெரிந்தால் நெல் தருபவர் விலையை ஏற்ற மாட்டாரா?

பதில்: ஏற்றுவார். அதனால்தான் தனி ஆலையின் கணக்கு வெளியே போகக் கூடாது, மாவட்ட மொத்தம் மட்டுமே போக வேண்டும் என்கிறேன். நெல் தருபவருக்கும் அதே மொத்தம் தெரியட்டும்; இருப்பு மிகுந்த மாதத்தில் அது உங்களுக்குச் சாதகம்.

பல்லடம் வாசகர்: சின்ன வெங்காயம்?

பதில்: என் துறை அல்ல.

சத்தியமங்கலம் வாசகர்: இன்று பொன்னி என்ன விலை?

பதில்: பெருந்துறை வாசகிக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். எத்தனை கிலோ சிப்பம்?