மூன்றாவது அக்கவுண்ட், அம்மாவின் நம்பர்

கேள்வி: எனக்கு 21 வயது. டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் அம்மா, தாத்தா, தங்கையோடு இருக்கிறேன். எலக்ட்ரிக்கல் டிப்ளமா இரண்டாம் ஆண்டு. போன முறை இரண்டு பாடம் போய்விட்டது. நாலு வருஷமாக டோட்டா 2 ஆடுகிறேன், ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் ஆன்லைன் கேம். அதில் உச்சியான இம்மார்ட்டல் ராங்க் வரை போக ஆசை. முதல் அக்கவுண்ட் 3,420 ராங்க் புள்ளியில் நின்றது. லோட் ஷெட்டிங் காலம், டீம்மேட்ஸும் மோசம். நண்பனின் நம்பரில் இரண்டாவது திறந்தேன், டீம்மேட்ஸால் 3,380. இப்போது அம்மாவின் நம்பரில் மூன்றாவது திறந்து 3,510 வந்திருக்கிறேன். அம்மா நர்ஸ், நைட் டியூட்டி, காலை ஏழரைக்குத்தான் வருவார். அதனால் இரவில் நிம்மதியாக ஆட முடிகிறது. என் எல்லை இவ்வளவுதானா, இன்னும் மேலே போவேனா? எப்படித் தெரிந்துகொள்வது?
– பெயர் வேண்டாம், சாட்ஸ்வர்த்

பதில்: தம்பி, நீ கேட்ட கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த "அம்மாவின் நம்பர்".

டோட்டாவில் ராங்க் ஆட ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் தனி போன் நம்பர் வேண்டும். பதிவு செய்யும்போது அந்த நம்பருக்கு எஸ்எம்எஸ்ஸில் கோட் வரும். அம்மாவின் போனுக்கு வந்த கோடை யார் படித்தது? இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து பகலில் தூங்குகிறவரின் தலைமாட்டிலிருந்து போனை எடுத்தாயா? கேட்டு வாங்கியிருந்தால் அதையும் எழுதியிருப்பாய். வங்கி ஓடிபி வருவதும் ஆஸ்பத்திரியிலிருந்து டியூட்டி மாற்றம் வருவதும் அதே போனுக்குத்தானே? போகிற போக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டாய். எனக்கு உன் கடிதத்தில் உறுத்தியது அந்த ஒரு வரிதான். ராங்க் பற்றிய மற்றதெல்லாம் பலர் எழுதுவதுதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள். மெயின் அக்கவுண்ட் இருக்க, நீ திறப்பது போன்ற வேறு அக்கவுண்டுக்கு ஸ்மர்ஃப் என்று பெயர். 2023 செப்டம்பரில் டோட்டாவை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரே நாளில் 90,000 ஸ்மர்ஃப் அக்கவுண்டுகளை நிரந்தரமாகத் தடை செய்தது. ஒவ்வொன்றும் யாருடைய மெயின் அக்கவுண்டைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துவிட்டோம் என்றும் அறிவித்தது. நாளைக்கு அப்படி ஒரு தடை விழுந்தால், அந்த அக்கவுண்டில் நிற்பது உன் அம்மாவின் நம்பர்.

இனி உன் கேள்வி. பதில் உன் கையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க விரும்பாமல்தான் அக்கவுண்ட் மேல் அக்கவுண்டாகத் திறக்கிறாய். 3,420, 3,380, 3,510. மூன்றுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 130 புள்ளி. ராங்க்கைக் காட்டும் மெடலில் ஒரு நட்சத்திரம் ஏறவே சுமார் 154 புள்ளி வேண்டும். முதல் தடவை மின்சாரம் போனது, சரி. மற்ற இரண்டு தடவைக்கு அந்தக் காரணத்தை நீயே சொல்லவில்லை. டீம்மேட்ஸ் என்கிறாயா? உன்னைத் தவிர உன் பக்கம் நாலு பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். மோசமான ஆட்டக்காரன் எதிரணியில் விழத்தான் வாய்ப்பு அதிகம். நூற்றுக்கணக்கான மேட்சுக்குப் பிறகும் டீம்மேட்ஸ் மேல் பழி போடுவது கணக்குக்கு ஒத்துவராது. புது அக்கவுண்டில் ராங்க் திறக்கவே 100 மணி நேரம் ஆட வேண்டும். இரண்டு அக்கவுண்டுக்கு 200 மணி. தோற்ற பாடம் இரண்டுக்கும் தலா நூறு மணி போட்டிருக்கலாம்.

இம்மார்ட்டல் தொடங்குவது ஏறக்குறைய 5,620-இல். இன்னும் 2,110 புள்ளி. ஒரு மேட்சுக்குச் சுமார் 25 என்று வைத்தால், தோல்வியைக் கழித்து 84 வெற்றி மிஞ்ச வேண்டும். நீ 100-க்கு 52 மேட்ச் ஜெயித்தால் 100 மேட்சில் மிஞ்சுவது 4 வெற்றி. அப்படியானால் 2,100 மேட்ச். காத்திருப்பதையும் சேர்த்து மேட்சுக்கு 50 நிமிஷம் என்றால் 1,750 மணி நேரம். தினமும் நாலு மணி ஆடினாலும் ஒரு வருஷத்துக்கு மேல். இதுவும் 52 கடைசி வரை நிலைத்தால்தான். நீ ஏற ஏற எதிராளியும் பலமாவான், அது நிலைக்காது.

ஆனாலும் நின்றுபோவது வேறு, எல்லை வேறு. பழக்கத்தால் நின்றது பயிற்சியில் நகரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க வழி உண்டு.

எதிரி இல்லாத தனி லாபி ஒன்று திறந்து, லேனில், அதாவது படைகள் வரும் பாதையில், 10 நிமிஷம் லாஸ்ட் ஹிட் (கிரீப்பைக் கொல்லும் கடைசி அடி) மட்டும் அடி. அந்த நேரத்தில் உன் லேனுக்கு ஏறத்தாழ 80 கிரீப் (தானாக நடந்து வரும் சிறு படையாள்) வரும். தனியாக 55-ஐத் தாண்டவில்லை என்றால் கை இன்னும் பழகவில்லை. தினம் 20 நிமிஷம் கொடுத்தால் ஏறும். தனியாக 70 அடித்துவிட்டு நிஜ மேட்சில் 40-க்கு இறங்குகிறாய் என்றால் குறை கையில் இல்லை, எதிரி பக்கத்தில் நிற்கும்போது நீ எங்கே நிற்கிறாய் என்பதில்.

அடுத்தது கடைசியாகத் தோற்ற பத்து மேட்சின் ரீப்ளே. ஜெயித்ததைப் பார்த்து மகிழ வேண்டாம். முதல் 15 நிமிஷத்தில் நீ செத்த ஒவ்வொரு இடத்துக்கும் பத்து வினாடி முன்னால் நிறுத்தி மினிமேப்பைப் பார். எதிரிகள் எத்தனை பேர் தெரிகிறார்கள்? இரண்டு பேர் மட்டும் தெரியும்போது நீ மேப்பின் நடுவில் உள்ள ஆற்றைத் தாண்டி எதிரி பக்கம் நின்றால், மற்ற மூன்று பேரையும் உன் மேல் நீயே கூப்பிட்டிருக்கிறாய். ஒரு நோட்டில் மூன்று பத்தி போடு: மேப்பைப் பார்க்கவே இல்லை, பார்த்தும் போனேன், பார்த்தேன் ஆனால் கை பிந்தியது. பேனாவால் எழுது, மனக்கணக்கு உனக்குச் சாதகமாகத்தான் வரும். முதல் பத்தி நிறைந்தால் அது பழக்கம், இரண்டு மாதத்தில் மாற்றலாம். இரண்டாவது நிறைந்தால் அவசரம். இரண்டு மேட்ச் தோற்றதும் எழுந்து போகக் கற்றுக்கொள். மூன்றாவதே தொடர்ந்து நிறைந்தால் நீ எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறாய்.

பிறகு ஒரே ரோல், இரண்டே ஹீரோ, உன் முதல் அக்கவுண்டில் 150 மேட்ச். இரவுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். 150 மேட்சில் வெறும் அதிர்ஷ்டத்தாலேயே 300 புள்ளி ஏறலாம், இறங்கலாம். அதனால் 200 ஏறியதும் குதிக்காதே. 300-க்குள்ளேயே சுற்றி, நோட்டிலும் அதே பத்தி நிறைந்துகொண்டிருந்தால், உன்னால் கொடுக்க முடிகிற நேரத்துக்கு எல்லை அதுதான். அதற்குப் பிறகும் ஆடு, யார் வேண்டாம் என்றது? நீ இப்போது இருக்கிற லெஜண்ட் மெடலில் நின்று சந்தோஷமாக ஆடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

ஆனால் இந்த 150-ஐ இப்போதே தொடங்காதே. அந்த இரண்டு பாடத்தையும் எழுதி முடித்த பிறகு. நைட் டியூட்டிக் காசில் பீஸ் கட்டுகிற வீட்டில் மகனின் முதல் வேலை படிப்பு; என்னிடம் இதில் இரண்டாம் பேச்சு கிடையாது. அம்மா இல்லாத நேரம் உனக்கு "நிம்மதி" என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்னொரு தடவை படித்துப் பார். தாத்தா அதே வீட்டில்தான் இருக்கிறார். நடுராத்திரியில் உன் கீபோர்டு சத்தம் அவருக்குக் கேட்காது என்றா நினைக்கிறாய்?

மூன்றாவது அக்கவுண்டை இன்றே விடு. அம்மாவின் நம்பரை அதிலிருந்து நீக்கு. நண்பனுக்கும் அவன் நம்பரைத் திருப்பிக் கொடு. அம்மாவிடம் நீயே சொல். தங்கை மூலமாக வேண்டாம். காலை ஏழரைக்கு அவர் வரும்போது நீ எப்படியும் விழித்துத்தான் இருப்பாய். டீ போட்டு வை. அவர் செருப்பைக் கழற்றி, உட்கார்ந்து, குடித்து முடிக்கட்டும். பிறகு சொல்.